துரை வண்டி, தாத்தா வண்டி: திருத்தணிச் சாலையில் புல்லட்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் ஓடிய வண்டிகளின் வரலாற்றை எழுத முனைபவர், அவற்றைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டியவராகிறார். மாட்டு வண்டி, குதிரை வண்டி, பேருந்து, கார் என்று அச்சாலையில் எத்தனையோ ஓடியிருந்தாலும், முன்பின் அறியாத ஒருவரை அருகில் வரவழைத்து, வண்டியைத் தொட்டுப் பார்க்கவும் பேச்சுக் கொடுக்கவும் வைக்கும் ஆற்றல் பழைய பாணி மோட்டார் சைக்கிளுக்கு இருந்த அளவுக்கு வேறு எதற்கும் இருந்ததில்லை. பழைய பாணி என்று இங்கே குறிக்கப்படுவது, வட்டமான முகப்பு விளக்கு, துளி வடிவப் பெட்ரோல் டேங்க், கம்பிச் சக்கரம், வெளியே தெரியும்படி நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் ஆகியவை கொண்ட, 1950-களின் தோற்றத்தை மாற்றாமலோ பின்னர் வலிந்து மீட்டெடுத்தோ செய்யப்பட்ட வண்டியை. திருத்தணிப் பக்கத்தில் அதன் பெயர் ஒன்றே ஒன்றுதான், அது புல்லட். அந்த வண்டியின் மேல் விழுந்த பார்வை எழுபது ஆண்டுகளாக ஒரே பொருளில் இருக்கவில்லை என்பதும், ஏறி வந்தவர் யார் என்று அஞ்சிப் பார்த்த கண், பிற்காலத்தில் ஏறி வந்தவரைப் பொருட்படுத்தாமல் வண்டியில் தன் தகப்பனையும் தாத்தாவையும் தேடும் கண்ணாக மாறிவிட்டது என்பதும் இக்கட்டுரை சொல்ல வருவதாகும்.

ஊர்தியில் ஏறி வருபவரை ஊரே பார்ப்பதைத் தமிழ் தனி இலக்கிய வகையாகவே வகுத்து வைத்திருக்கிறது. உலா எனப்படும் அந்தப் பிரபந்தத்தில், இறைவனோ அரசனோ யானை, குதிரை, தேர் முதலியவற்றின் மேல் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவத்துப் பெண்கள் அவனைக் கண்டு மயங்குவர். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலா இவ்வகையில் முதலாவது என்பதால் ஆதியுலா எனப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்கள் மேல் மூவருலா பாடினார். இவ்வகைப் பாடல்களில் ஏறியிருப்பவன் பார்ப்பதில்லை, பார்க்கப்படுகிறான் என்பதும், பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வயதுக்கேற்ப அவனிடம் வெவ்வேறொன்றைக் காண்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. பேதைப் பருவத்துச் சிறுமி அறியாமல் பார்ப்பதும் பேரிளம்பெண் எல்லாம் அறிந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்ற நுட்பம், தேநீர்க் கடை வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளைப் பத்து வயதுச் சிறுவனும் எழுபது வயது முதியவரும் பார்ப்பதற்கும் பொருந்துவது, பாட்டியல் இலக்கணம் வகுத்தவர்கள் எதிர்பார்த்திராத பொருத்தம்தான்.

திருத்தணிக்கென்று இன்னொரு முன்கதையும் உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இவ்வூர், வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1911-இல் புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. பல்லக்கிலும் குதிரையிலும் வருபவர் ஜமீனைச் சேர்ந்தவராகவோ வெள்ளைக்கார அதிகாரியாகவோ மட்டுமே இருக்கக்கூடிய காலம் அது. அவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்பதும், மேல்துண்டை இடுப்புக்கு இறக்குவதும் மரியாதை எனப்பட்டன. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் எலுமிச்சம்பழத்தோடு துரைகளின் வீட்டுக்குச் சென்று வாழ்த்துச் சொல்லும் வழக்கம் பரவியிருந்ததைக் கண்ட வள்ளிமலை சுவாமிகள், துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைத் துரையை முதலில் கண்டு வணங்குங்கள் என்று சொல்லி, 1910-களின் இறுதியில் டிசம்பர் 31-ஆம் நாள் இரவில் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். முருகன் மலைக்கோயிலின் 365 படிகளில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் அவ்விழா இன்றும் நடைபெறுகிறது. மரியாதை செலுத்தும் பழக்கத்தை ஒழிக்க முயலாமல், செலுத்தப்படும் இடத்தை மட்டும் மாற்றிய அவருடைய சமயோசிதம் தனியே பாராட்டத்தக்கது. ஆனால் சாலையில் வந்த துரைகளுக்கான ஒதுங்கல் அதனால் நின்றுவிடவில்லை. குதிரை போய் மோட்டார் வந்தபோது அது மோட்டாருக்கு இடம் மாறியது.

புல்லட் பிறந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த ஒரு சைக்கிள் நிறுவனம் அந்தத் தொடர்பினால் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரைச் சூடிக்கொண்டு, 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1932-இல் ஒரு வகைக்குத் துப்பாக்கிக் குண்டு என்று பொருள்படும் புல்லட் என்ற பெயரை இட்டது. சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றுவந்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம், எல்லைப்புறக் காவலுக்கும் செய்தி கொண்டுசெல்லும் பணிக்கும் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. வடசென்னையின் திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் 1956-இல் வேலை தொடங்கியது. பிரித்துப் பெட்டிகளில் அனுப்பப்பட்ட பாகங்களைப் பூட்டி இணைக்கும் வேலையாகவே அது முதலில் இருந்தது. முதல் ஆண்டில் வெளிவந்தவை 163 வண்டிகள்தான். பின்னர் அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1962-க்குள் வண்டியின் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன.

இதே ஆண்டுகளில்தான் திருத்தணியும் இடம் மாறியது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தின் பக்கம் நின்றுவிட்ட இவ்வட்டத்தைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தமிழ்நிலத்தோடு இணைந்தது. எல்லை மாறினாலும் பேச்சு மாறவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும் ஊராகவே அது நீடித்தது. புதிய எல்லையில் சோதனைச் சாவடி, கலால் கண்காணிப்பு, காவல் சுற்று என்று அரசின் நடமாட்டம் கூடியது. அந்த நடமாட்டத்துக்கு ஏற்ற ஊர்தி எது என்பதில் அன்றைக்கு ஐயம் இருக்கவில்லை.

ஆகவே இப்பகுதி மக்கள் முதன்முதலில் கண்ட புல்லட், ஒருவர் தமக்கென வாங்கிய வண்டி அன்று. அரசாங்கம் ஏறி வந்த வண்டி. காக்கி உடுப்பில் வந்த காவல் ஆய்வாளர், பச்சை வண்ண வண்டியில் வந்த, ராணுவச் செய்தி கொண்டுசெல்பவர், அவர்களை அடுத்து நிலமும் செல்வாக்கும் உடைய பண்ணையார், ஒப்பந்தக்காரர், ரைஸ்மில் முதலாளி என்றே ஓட்டியவர்கள் இருந்தார்கள். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடும் என்பதால் பார்ப்பதற்கு ஆயத்தமாகவோ மறைவதற்கு ஆயத்தமாகவோ ஊருக்கு அவகாசம் கிடைத்தது. சீட்டாட்டம் கலைவதும், பீடி அணைக்கப்படுவதும், திண்ணையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்காருவதும் அந்த ஒலி ஊர் எல்லையில் கேட்டபோதே நடந்து முடிந்துவிடும். பல கிராமங்களில் ஒருவருடைய இயற்பெயரே மறைந்து புல்லட்டுக்காரர் என்ற பெயர் நிலைத்து, அவர் வண்டியை விற்ற பிறகும், அவர் காலமான பிறகும்கூட, வீட்டின் அடையாளமாகப் புல்லட்டுக்காரர் வீடு என்று நீடித்ததுண்டு.

அந்த ஒலியின் காரணத்தைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் பார்வையை இழுத்ததில் பாதிப்பங்கு அதனுடையது. பழைய 350 புல்லட்டின் என்ஜினில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. அகலத்தைவிட நீளம் கூடிய இத்தகைய அமைப்பை நீண்ட வீச்சு என்பர். பிஸ்டன் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிருப்பதால் அது வேகமாகச் சுழலாது. உள்ளே இருக்கும் கனத்த இரும்புச் சக்கரங்கள், ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையிலுள்ள வெறுமையைச் சுழற்சியின் வேகத்திலேயே கடத்திவிடும். நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும் என்பதால், நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று சுழலும் என்ஜின் 400 முறை மட்டுமே வெடிக்கிறது; அதாவது நொடிக்கு ஏழு முறைக்கும் குறைவு. காதால் ஒன்றொன்றாகப் பிரித்துக் கேட்கக்கூடிய எல்லையில் அந்த எண்ணிக்கை நிற்கிறது. இரண்டு சிலிண்டர் வண்டிகளிலும் வேகமாகச் சுழலும் சிறிய வண்டிகளிலும் ஒலி இழைந்து ரீங்காரமாகிவிடுகிறது. புல்லட்டில் அது தாளமாக நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டே டேப்பட் தளர்ந்திருக்கிறது, பாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உருவாவதற்கும், இன்ன வீட்டு வண்டி என்று தெருமுனையிலேயே நாய்கூட அறிந்துகொள்வதற்கும் இதுவே காரணம்.

1960-களிலும் 70-களிலும் அச்சத்தோடு ஏக்கமும் சேர்ந்தது. உரிமம் பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே இருசக்கர வண்டிகளைச் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்தன. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில் ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் செய்தது. வடக்கில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத்தைச் செய்தது. வாங்க விரும்புவோர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தனர். புல்லட் அவற்றுள் கனமானது, விலை கூடியது, பெட்ரோலை மிகுதியாகக் குடிப்பது. அதனால் அது தெருவுக்கு ஒன்றாகக்கூட இல்லாமல் ஊருக்கு ஒன்றாக நின்றது. நின்றிருக்கும் வண்டியின் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வதும், உரிமையாளர் உள்ளே இருக்கும்போது சிறுவர்கள் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பதும், அவர் வெளியே வந்ததும் ஓடுவதும் அக்காலத்துக் காட்சிகள். நிழற்படக் கலைஞர்கள் திருமண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையை யாருடைய புல்லட்டின் மேலாவது உட்கார வைத்துப் படம் எடுப்பதும் உண்டு. இரவல் வாங்கிய நகைக்கும் இரவல் வாங்கிய வண்டிக்கும் படத்தில் வேறுபாடு தெரிவதில்லை.

ஊர்தியின் மேல் விழும் பார்வையில் பகையும் கலந்திருந்தது என்பதை மறைத்துவிட்டு இவ்வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறாகவே இருக்கும். யார் ஏறலாம், யார் இறங்கி நடக்க வேண்டும் என்ற விதி தமிழ்க் கிராமங்களில் பல்லக்கோடும் குதிரையோடும் மறைந்துவிடவில்லை. ஆதிக்கச் சாதியினரின் தெருவில் பட்டியலினத்தவர் சைக்கிளை ஓட்டிச் செல்லக் கூடாது, இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளன. சைக்கிளுக்கே அப்படியென்றால், ஊர் முழுவதும் கேட்கும் ஒலியோடு வரும் வண்டி எத்தகைய அறைகூவலாகக் கொள்ளப்பட்டிருக்கும் என்பதை உய்த்துணரலாம். இது கடந்த காலக் கதை மட்டுமன்று. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காகவே தங்கள் பிள்ளையின் கைகள் வெட்டப்பட்டன என்று பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். மூவர் கைது செய்யப்பட்டனர். ஒரே வண்டி, ஒரு தெருவில் வியப்பையும் அடுத்த தெருவில் அரிவாளையும் வரவழைக்கிறது என்றால், பார்க்கப்படுவது வண்டி மட்டுமன்று, ஏறியிருப்பவருக்கு அந்த உயரம் உரியதுதானா என்ற பழைய கணக்கும் உடன் பார்க்கப்படுகிறது என்றே கொள்ள வேண்டும். பெண்கள் ஓட்டிச் செல்லும்போது சாலையில் திரும்பும் தலைகளையும் இந்தக் கணக்கிலிருந்து முற்றிலும் விலக்கிவிட முடியாது. 2021-இல் வெளிவந்து ஆந்திர, தெலங்கானத் திருமண வீடுகளிலெல்லாம் ஒலித்த புல்லட் பண்டி என்ற தெலுங்குப் பாடலில்கூட, மணப்பெண் ஏறுவது மணமகனின் வண்டியில்தான்.

அச்சமும் ஏக்கமும் கலைந்த காலத்தைத் துல்லியமாகவே குறிக்கலாம். 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சிசி வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், பின்னர் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் சாலைகளை நிறைத்தன. அவை ஒரு மிதியில் கிளம்பின, எண்ணெய் ஒழுகவில்லை, குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடின. அவற்றின் பக்கத்தில் புல்லட், மரியாதைக்குரிய முதியவர் ஓட்டப் பந்தயத்தில் நிற்பதுபோல் நின்றது. நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுச் செல்வதால் வண்டி தன் இடத்தைத் தானே குறித்து வைக்கிறது என்ற கேலி பிறந்தது. நிறுவனமே டீசலில் ஓடும் புல்லட் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தது. 1994-இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது; 2000 அளவில் மாதத்துக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளே விற்றன.

இந்த வீழ்ச்சிக் காலத்தில்தான், யாரும் திட்டமிடாமலேயே, புல்லட் பழம்பொருள் என்ற புதிய தகுதியைப் பெற்றது. ரெட்டிச்சில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டு, 1970 அளவில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூரிலோ, அதே அச்சுகளில், ஏறத்தாழ அதே வண்டி இடையறாமல் வந்துகொண்டிருந்தது. 1977-இல் அங்கிருந்து 350 சிசி புல்லட் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகத் தொடங்கியபோது, தங்கள் இளமைக்கால வண்டி புதிதாகப் பெட்டியிலிருந்து இறங்குவதைக் கண்டு அங்குள்ள ஆர்வலர்கள் வியந்தனர். பழைய பொருளைப் பேணிவைத்தல் ஒன்று, பழைய பொருளைப் புதிதாகச் செய்துகொண்டே இருத்தல் மற்றொன்று. உலகில் இரண்டாவதைச் செய்த இடங்கள் மிகச் சில. மாற்றுவதற்குப் பணமும் போட்டியும் இல்லாததால் மாறாமல் நின்ற ஒரு வண்டி, மரபைக் காத்த வண்டியாகப் புகழப்பட்டது. இதில் சற்று நகைப்புக்கு இடம் உண்டு; ஆனால் மரபு எனப் போற்றப்படுபவற்றுள் பல இப்படித்தான் காக்கப்பட்டுள்ளன. கிளாசிக் என்ற சொல் இங்கே வழங்கத் தொடங்கியதும் இந்த வெளிநாட்டுப் பார்வையின் வழியேதான்; திருத்தணியில் அதுவரை புல்லட் கிளாசிக்காக இருந்ததில்லை, வெறும் பழைய வண்டியாகவே இருந்தது.

பழைய வண்டி என்றான பிறகு அதைச் சூழ்ந்த கவனம் உருமாறியதை, ஓட்டுபவர் வண்டியைக் கிளப்பும் முறையை அருகிலிருந்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம். முகப்பு விளக்கின் மேல் கவிந்த உறையில், வேகம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில், மின்னோட்டத்தைக் காட்டும் சிறு வட்டமான ஆம்ப் மீட்டர் ஒன்று உண்டு. விளக்கின் மேல் இருபுறமும் உள்ள இரண்டு சிறு விளக்குகளைப் புலிக்கண் என்பர். சாவியைத் திருப்பியதும் மீட்டரின் முள் ஒருபுறம் சாயும். இடக்கைப் பக்கம் உள்ள டீகம்ப்ரஸர் என்ற சிறு நெம்புகோலைப் பிடித்தால், சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று சீறி வெளியேறி, கனத்த கிக்கர் எளிதாக இறங்கும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் கணத்தில் பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சியைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அப்போது நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, உடல் எடை முழுவதையும் இறக்கி ஒரே மிதி மிதிக்க வேண்டும். கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் என்று மற்ற வண்டிகளுக்கு நேர்மாறாக இருந்ததால், ஓட்டத் தெரிந்தவரும் இதில் ஏறினால் கற்றுக்குட்டிதான். சாவியைத் திருகிப் பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டியைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. இந்தச் சடங்கைப் பார்க்க நிற்கிறார்கள், ஏனெனில் இதில் தோல்விக்கு இடம் இருக்கிறது. மூன்று மிதிக்கும் கிளம்பவில்லை என்றால் நான்காவதற்குள் அறிவுரை வந்து சேரும். ஐந்தாவதற்கு, சற்றுத் தள்ளுங்கள் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருகில் வருவார், அவர் ஒரு காலத்தில் இதே வண்டியை வைத்திருந்தவராக இருப்பார்.

இவ்வாறு கிளைக்கும் உரையாடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் கேள்வி, எந்த வருஷ மாடல் என்பது. இரண்டாவது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது. எல்லைப்புறத்தில் இதே கேள்வி எந்த இஸ்துந்தி என்று தெலுங்கில் வரும், இரு மொழியிலும் வண்டி ஈகை செய்வதாகவே பேச்சு. பெட்ரோல் வண்டியா டீசலா, ராணுவ ஏலத்தில் எடுத்ததா என்பவை அடுத்து வருவன. பதிவெண் பலகையைப் பார்த்துப் பேசுவது தனிக் கலை: டி.என். 20 என்றால் உள்ளூர்த் திருவள்ளூர் மாவட்டம், ஏ.பி. 03 என்றால் பக்கத்துச் சித்தூர், பழைய மூன்றெழுத்து எண் என்றால் கேட்பவரின் குரலே மாறிவிடும். அதன் பிறகு வருவது கேள்வியன்று, கதை. எங்கள் அப்பா இதில்தான் எங்களை மலைக்குக் கூட்டி வருவார், டேங்க் மேல் நான், பின்னால் அம்மா மடியில் தங்கை என்று ஒருவர் தொடங்குவார். அக்கா கல்யாணத்துக்காக விற்றுவிட்டோம் என்று முடிப்பார். விற்ற கதை இல்லாத புல்லட் குடும்பம் அரிது. இறுதியாக, கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள் வரும். கொடுக்க மாட்டார் என்பது கேட்பவருக்கும் தெரியும், அது விடைபெறும் முறை. இந்த உரையாடல் முழுவதிலும் ஓட்டி வந்தவரின் பெயரையோ ஊரையோ கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இங்கிலாந்திலும் பெட்ரோல் நிலையங்களில் பழைய வண்டி ஓட்டுபவர்கள் முதியவர்களிடம் சிக்கிக்கொள்வது வழக்கம் எனினும், மூன்றாவது வாக்கியத்திலேயே குடும்பக் கதைக்குள் இறங்கிவிடும் வேகம் நம்முடையது.

2009-இல் நிறுவனம் இந்தியாவில் கிளாசிக் என்ற பெயரிலேயே ஒரு வண்டியை வெளியிட்டது. 1950-களின் தோற்றமும் புதிய என்ஜினும், பொத்தானில் கிளம்பும் வசதியும், இடக்காலுக்கு மாறிய கியரும் கொண்ட அவ்வண்டி, வீழ்ந்துகொண்டிருந்த விற்பனையைத் தூக்கி நிறுத்தியது. 2010-இல் ஏறத்தாழ 50 ஆயிரமாக இருந்த நிறுவனத்தின் விற்பனை 2014-இல் 3 லட்சத்தை எட்டியது. திருவொற்றியூர் போதாமல் 2013-இல் ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் ஆலைகள் எழுந்தன. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் போன்வில் என்ற பழைய பெயரை 2001-இல் மீட்டதும், இந்தியாவில் ஜாவா 2018-இல் திரும்பி வந்ததும் இதே காற்றில் தூற்றிக்கொண்டவையே. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, கையுறையும் தோல்சட்டையும் அணிந்த குழுக்களாக நெடுஞ்சாலைகளில் செல்லும் இளைஞர்கள் தேநீர்க் கடைகளுக்குப் பழகிய முகங்களாயினர். பெருகியதால் பார்வை மெலிந்தது. ஒலிக்காகத் திரும்பிப் பார்த்த காலம் போய், சைலன்சரைக் கழற்றி வேறு பூட்டியவர்களின் ஒலியைக் கேட்டு முகம் சுளிக்கும் காலம் வந்தது. போக்குவரத்துக் காவலர்கள் அத்தகைய சைலன்சர்களைப் பறிமுதல் செய்து ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. ஒருகாலத்தில் புல்லட்டின் ஒலி காவலர் வருவதைத் தெரிவித்தது. இப்போது அது காவலரை வரவழைக்கிறது.

ஊர்தி என்பதற்கும் தெய்வத்தின் ஏறிடம் என்பதற்கும் வாகனம் என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழியில், புது வண்டி வாங்கியவர் அதை நேரே கோயிலுக்குக் கொண்டுவருவதில் வியப்பில்லை. மாலை சாத்தி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, அதன் பிறகே வண்டி வீட்டுக்குப் போகும். ராஜஸ்தானத்தில் பாலி நகருக்கு அருகே, விபத்தில் இறந்த ஓம் பன்னா என்பவரின் புல்லட்டையே கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடும் கோயில் இருக்கிறது. அவ்வழியே செல்லும் ஓட்டுநர்கள் பயணம் நலமாக முடிய வேண்டி அங்கே நின்று செல்கின்றனர். தமிழ்நாட்டில் வண்டிக்குப் பூசை உண்டே தவிர வண்டியே மூலவராகும் அளவுக்குப் போகவில்லை. திருத்தணி முருகனுக்கு மயிலைத் தவிர யானையும் வாகனமாகச் சொல்லப்படுகிறது. தெய்வயானையை மணந்தபோது இந்திரன் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் அது என்பது தலபுராண மரபு. மற்ற கோயில்களில் வாகனம் மூலவரை நோக்கி நிற்க, இங்கே அந்த யானை வெளியே கிழக்கு நோக்கி நிற்கிறது. தன் வளமெல்லாம் யானையோடு போய்விட்டது என்று இந்திரன் வருந்தியதால், அவனுடைய உலகை நோக்கி நிற்கும்படி முருகன் திருப்பி வைத்தான் என்று காரணம் சொல்வர். கைமாறிப் போன வாகனம் பழைய வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற இந்தக் கதை, புல்லட்டை விற்றுவிட்ட குடும்பங்களுக்கு எளிதில் விளங்கும்.

இன்றைக்கு மலையடிவாரத்தில் பத்துப் புதிய கிளாசிக் வண்டிகள் வரிசையாக நின்றாலும், காவடி கட்டுபவரோ பூ விற்பவரோ தலை நிமிர்வதில்லை. அவற்றுக்கு நடுவே கியர் வலப்பக்கம் இருக்கும் வார்ப்பிரும்பு என்ஜின் வண்டி ஒன்று, டேங்கில் திருவொற்றியூர்த் தொழிலாளர் தூரிகையால் கையாலேயே இழுத்த பொன்னிறக் கோடு பாதி மங்கி, வந்து நின்றால் மட்டும் யாராவது ஒருவர் நடையை மெதுவாக்குகிறார். முதலில் கோட்டைப் பார்க்கிறார். பிறகு குனிந்து என்ஜினுக்கு அடியில் தரையைப் பார்க்கிறார், எண்ணெய்ச் சொட்டு இருக்கிறது. எந்த வருஷம் என்று தெலுங்கில் கேட்கிறார்; விடை தமிழில் வருகிறது. விபூதி பூசிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டேங்கின் மேல் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, ஓட்டி வந்தவர் டீகம்ப்ரஸரைப் பிடித்து மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவரும் வரை பேசாமல் பக்கத்தில் நிற்கிறார்.